ரசாயனம் இல்லாத புல்தரை: வெயில் மண்ணில் முதல் ஒரு வருடம்

புல்தரை போட்டு ஆறு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் பார்த்தால் புல்லுக்கு நடுவே கோரை தலை நீட்டியிருக்கிறது, ஓரத்தில் நெருஞ்சி படர்ந்திருக்கிறது. உடனே களைக்கொல்லி வாங்கத் தோன்றும். அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். களை இருக்கும் இடத்தில் குந்தி உட்கார்ந்து, அந்தச் செடியைச் சுற்றியுள்ள புல்லை இரண்டு விரலால் விலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே வெறும் மண் தெரியும். புல் நெருங்கி வளர்ந்த இடத்தில் விரலே மண்ணைத் தொடாது, களையும் இருக்காது.

இயற்கை முறைப் பராமரிப்பு என்றால் களையைக் கொல்ல வேறொரு மருந்து தேடுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மண் கண்ணில் படாத அளவுக்குப் புல்லை அடர்த்தியாக்குவதுதான் வேலையின் பெரும்பகுதி. பல களை விதைகள் மிகச் சிறியவை. வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். புல்லின் நிழல் மண்ணின் மேல் விழுந்தால் அவை தூங்கிக்கொண்டே இருக்கும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த நிழலை உண்டாக்கத்தான்.

படி 1: எந்தப் புல் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெப்பப் பகுதிப் புற்கள் 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நன்றாக வளரும். இவற்றுள் நான்கு வகையைத்தான் அதிகம் பார்க்கலாம்.

அருகம்புல், அதாவது பெர்முடா. இதற்கு வெயில் வேண்டும், தினமும் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில். மண்ணுக்கு மேலேயும் கீழேயும் கொடி ஓட்டும். மிதித்தாலும் காய்ந்தாலும் திரும்பி எழும். 'அருகுபோல் வேரோடி' என்று சும்மா சொல்லவில்லை. அடுத்தது ஜோய்சியா, கொரியன் புல் என்றும் சொல்வார்கள். மெத்தை போல இருக்கும், ஆனால் மெதுவாகத்தான் பரவும். வழுக்கை விழுந்த இடத்தை மூட மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது செயின்ட் அகஸ்டின். அகலமான இலை, ஓரளவு நிழலைத் தாங்கும், மேல்கொடி மட்டும் ஓட்டும். நான்காவது கார்ப்பெட் புல். ஈரமான, கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண்ணுக்கும் மர நிழலுக்கும் இதுவே ஏற்றது.

மரத்தடியில் அருகம்புல்லை வளர்க்கப் படும் பாடு வீண். அங்கே நிழல் தாங்கும் புல்லைப் போடுங்கள். அதுவும் வரவில்லையென்றால் சருகு மூடாக்கு போட்டு விட்டுவிடுங்கள்.

படி 2: மண்ணைக் குத்திப் பாருங்கள்

நீர் பாய்ச்சிய மறுநாள் 15 செ.மீ. நீளமுள்ள ஸ்க்ரூடிரைவரை மண்ணில் அழுத்துங்கள். கை பலத்தில் பிடிவரை இறங்கினால் நல்லது. பாதியில் நின்றால் மண் இறுகிப்போயிருக்கிறது என்று பொருள். புல் வேர் அதற்குள் போக முடியாது. இறுகிய மண்ணிலும் வளரத் தெரிந்த களைகள் மட்டும் போகும்.

இறுகிய மண்ணுக்கு மருந்து, துளை போடுவது. குழாய் போல உள்ளே வெற்றிடமான முனை கொண்ட கருவியால் 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்கு மண் உருளைகளை வெளியே எடுக்க வேண்டும். புல் வேகமாக வளரும் பருவத்தில் மட்டும் செய்யுங்கள். வெளியே வந்த மண் உருளைகளை அள்ள வேண்டாம், தானாக உதிர்ந்து கலந்துவிடும். பல் வைத்த தோட்டக் கருவியால் குத்தினாலும் பலன் உண்டு. ஆனால் அது மண்ணை வெளியே எடுக்காமல் பக்கவாட்டில் நெருக்குகிறது, அதனால் பலன் குறைவு.

துளை போட்ட கையோடு நன்றாக மட்கிய உரத்தை மேலே தூவி, வாரியின் முதுகால் தேய்த்துவிடுங்கள். 6 மி.மீ. கனம் போதும். ஒரு சதுர மீட்டருக்கு ஆறு லிட்டர் என்று கணக்கு. தூவி முடித்த பின் புல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். மூடிப்போனால் கனம் அதிகம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பாதி மட்கிய சாணத்தை நம்பிப் போட்டு, மூன்றே வாரத்தில் அதுவரை நான் பார்த்திராத களைகளையெல்லாம் என் புல்தரையில் பார்த்தேன். மட்கு உரக் குவியலின் உள்சூடு 55 டிகிரிக்கு மேல் பல நாட்கள் நின்றால்தான் களை விதைகள் சாகும். வாங்கும் உரம் அப்படித் தயாரானதா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. ஆகவே ஒரு தட்டில் இரண்டு கைப்பிடி உரத்தைப் பரப்பி, ஈரமாக வைத்து, இரண்டு வாரம் வெளிச்சத்தில் விடுங்கள். எதுவும் முளைக்கவில்லை என்றால் தைரியமாகப் போடலாம்.

மண்ணின் கார அமில நிலை (pH) 6க்கும் 7க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலான புல் வகைகளுக்குச் சரி. மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்போ கந்தகமோ போடாதீர்கள். பத்து இடங்களில் 10 செ.மீ. ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, அதில் ஒரு பகுதியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

படி 3: புதிதாகப் போடுவதாக இருந்தால், களையை முதலில் முளைக்க விடுங்கள்

ஏற்கெனவே புல்தரை இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். ஆனால் தரையில் பாதிக்கு மேல் களைதான் என்றால் ஒட்டுப் போடுவதைவிடப் புதிதாகத் தொடங்குவது சுலபம்.

மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, மட்டம் பார்த்து முடித்தவுடன் புல் நடத் தோன்றும். பொறுங்கள். வெறும் மண்ணுக்கு நீர் பாய்ச்சி இரண்டு வாரம் விடுங்கள். மேல் மண்ணில் கிடக்கும் விதைகள் பச்சைப் பாசி போலக் கூட்டமாக முளைக்கும். அவை சிறிதாக இருக்கும்போதே களைக்கொத்தியால் மேலோட்டமாகச் சுரண்டிவிடுங்கள், இரண்டு செ.மீ.க்கு மேல் போகாமல். ஆழமாகக் கொத்தினால் அடியில் உறங்கும் விதைகளை மேலே கொண்டுவந்ததாகிவிடும். மறுபடி நீர், மறுபடி இரண்டு வாரம், மறுபடி சுரண்டல். ஒரு மாதம் போகும். ஆனால் பின்னால் பல மாதம் களை எடுக்கும் வேலை குறையும்.

கடும் வெயில் காலம் என்றால் இன்னொரு வழி உண்டு. மண்ணை நன்றாக நனைத்து, கண்ணாடி போலத் தெளிவான மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரங்களைப் பள்ளம் பறித்துப் புதைத்து, நான்கு முதல் ஆறு வாரம் வையுங்கள். உள்ளே ஏறும் சூடு விதைகளை வேகவைத்துவிடும். கறுப்புத் தாளைவிடத் தெளிவான தாளில்தான் மண் அதிகம் சூடாகும். கோரைக்கு மட்டும் இது முழுத் தீர்வு இல்லை. அதன் முளை மெல்லிய தாளைக் குத்திக்கொண்டே வெளியே வரும்.

பிறகு நடவு. கொடித் துண்டுகளை நடுவதானால் 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். நெருக்கமாக நட்டால் சீக்கிரம் மூடும், களைக்கு இடம் கிடைக்காது. பாயாக வாங்கிப் பரப்பினால் செலவு கூடும், இடுக்குகளை மட்டும் மண் போட்டு நிரப்பிவிடுங்கள். வேர் பிடிக்கும்வரை, அதாவது இரண்டு மூன்று வாரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி நீர் தெளியுங்கள்.

படி 4: வெட்டும் உயரம்

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்ற முடியும் என்று யாராவது சொன்னால், இதை மாற்றுங்கள் என்பேன். புல்தரை என்றால் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்ற எண்ணமே களைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

அருகம்புல்லை 2.5 முதல் 4 செ.மீ. உயரத்தில் வையுங்கள். ஜோய்சியா 2.5 முதல் 5 செ.மீ., செயின்ட் அகஸ்டின் 7 முதல் 10 செ.மீ., கார்ப்பெட் புல் 3 முதல் 5 செ.மீ. கடும் கோடையிலும் நிழல் விழும் பகுதியிலும் இதற்குள் உயர்ந்த அளவையே வைத்துக்கொள்ளுங்கள். இலை நீண்டால் வேரும் ஆழமாகப் போகும், மண்ணும் சூடாகாது.

ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. 4 செ.மீ. உயரம் வேண்டும் என்றால் புல் 6 செ.மீ. வந்ததும் வெட்டுங்கள். ஊருக்குப் போய்வந்து பார்த்தால் முழங்கால் வரை வளர்ந்திருக்கிறதா? ஒரே நாளில் மொட்டை அடிக்காமல், மூன்று நான்கு நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தவணையாக இறக்குங்கள்.

வெட்டிய மறுநாள் ஒரு இலையைக் கிள்ளி நுனியைப் பாருங்கள். நேராக வெட்டுப்பட்டிருந்தால் சரி. நுனி கிழிந்து நார் நாராகத் தொங்கி வெளுத்திருந்தால், பிளேடு புல்லை வெட்டவில்லை, பிய்த்திருக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் புல்தரை முழுக்க ஒரு வெளிறிய சாம்பல் படிந்த மாதிரி தெரிவது இதனால்தான். பிளேடைச் சாணை பிடியுங்கள். இயந்திரம் வேறு இடத்தில் ஓடிவிட்டு வருவதாக இருந்தால், அடிப்பாகத்தைக் கழுவிய பிறகே உள்ளே விடுங்கள். களை விதைகள் அதில் ஒட்டிக்கொண்டு வரும்.

வெட்டி விழுந்த புல்லை அள்ளிப் போட வேண்டாம். துண்டுகள் சிறியதாக இருந்தால் சில நாளில் மட்கிவிடும். புல்லுக்கு ஒரு வருடத்தில் தேவைப்படும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) சுமார் கால் பங்கு இப்படியே திரும்பக் கிடைத்துவிடும். களை விதை பிடித்திருக்கும் சமயத்தில் மட்டும் வாரி அப்புறப்படுத்துங்கள்.

படி 5: தண்ணீர்

தினமும் மாலையில் பத்து நிமிடம் தெளிப்பது மனதுக்கு இதமான வேலை. புல்லுக்குக் கெடுதல். மேல் மண் மட்டும் நனைவதால் வேர் மேலேயே தங்கிவிடும், களை விதைக்கோ அதுவே முளைக்கத் தேவையான ஈரம். இரவு முழுக்க இலை நனைந்து கிடந்தால் பூஞ்சை நோயும் வரும்.

கோடையில் வாரத்துக்குச் சுமார் 25 மி.மீ. நீர், மழையையும் சேர்த்து. சதுர மீட்டருக்கு 25 லிட்டர். இதை இரண்டு தடவையாகப் பிரித்து விடியற்காலையில் கொடுங்கள். உங்கள் தெளிப்பான் எவ்வளவு ஊற்றுகிறது என்று தெரிந்துகொள்ள ஐந்தாறு காலி டப்பாக்களை அங்கங்கே வைத்து 15 நிமிடம் ஓடவிட்டு, அளவுகோலால் அளந்து பாருங்கள். 6 மி.மீ. நின்றால், ஒரு தடவைக்கு அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். ஒரு டப்பாவில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் நின்றால், புல் ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் கோரை முளைத்த காரணமும் தெரிந்துவிடும்.

களிமண்ணில் அரை மணி நேரம் தொடர்ந்து விட்டால் நீர் வழிந்தோடும். பத்து நிமிடம் விட்டு, ஊற விட்டு, மறுபடி விடுங்கள்.

புல்லே தாகத்தைச் சொல்லும். நடந்து போன பின் காலடித் தடம் நிமிராமல் அப்படியே இருக்கும், இலை நீளவாக்கில் மடிந்து நீலச் சாம்பல் நிறமாகும். அப்போது ஊற்றினால் போதும். தண்ணீர் இல்லாத காலத்தில் அருகம்புல் பழுப்பாகிவிட்டாலும் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது உறங்குகிறது, மழை வந்தால் அடியிலிருந்து துளிர்க்கும். அந்த நேரத்தில் உரம் மட்டும் போடாதீர்கள்.

படி 6: உணவு

புல் வளரும் பருவத்தில் இரண்டு மூன்று தடவை போதும். வேப்பம் புண்ணாக்குத் தூளில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு தழைச்சத்து உண்டு. சதுர மீட்டருக்கு 100 கிராம் தூவி, உடனே நீர் விடுங்கள். மண்புழு உரத்தில் சத்து அதைவிடக் குறைவு, அதனால் கூடுதலாக வேண்டும். இயற்கை உரம் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் வழியாகத்தான் புல்லுக்குப் போகும். மூன்று நாளில் பச்சை ஏறவில்லையே என்று இன்னும் கொட்டாதீர்கள். சில வாரம் பொறுக்க வேண்டும்.

படி 7: களையை ஆள் பார்த்து எடுங்கள்

எந்தக் களை எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தாலே மண்ணின் குறை தெரியும். சிறுபுள்ளடி, தொட்டாற்சுருங்கி மாதிரியானவை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும் பயறுக் குடும்பத்தவை. இவை பரவினால் உங்கள் புல் பசியோடு இருக்கிறது. கோரை தொடர்ந்து வந்தால் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். நெருஞ்சி பெரும்பாலும் காய்ந்து வெளுத்த ஓரங்களில் வரும்.

ஒரு பருவம் மட்டும் வாழும் களைகளுக்குப் பூ வைக்கும் முன் பிடுங்குவதே சட்டம். மழைக்கு மறுநாள், மண் இளகியிருக்கும்போது, தண்டின் அடியில் பிடித்து மெதுவாக இழுங்கள். தரைப்பசலையை (பருப்புக்கீரை) பிடுங்கி அங்கேயே போட்டால், ஈர மண்ணில் தண்டு மறுபடி வேர் விடும். ஒரே செடி இரண்டு லட்சத்துக்கு மேல் விதை போடக் கூடியது. பிடுங்கியதும் வாளியில் போட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள். நெருஞ்சிக்கு நடுவில் ஒரே ஆணிவேர். நான்கு பக்கமும் படர்ந்த கொடிகளைத் தூக்கி, நடுவேரை மண்ணுக்குக் கீழே வெட்டினால் முழுச் செடியும் தட்டு போலக் கையோடு வரும். முள் உதிர்ந்திருந்தால் பழைய சாக்கையோ துணியையோ அதன் மேல் அழுத்தி எடுங்கள். விட்டுவைக்கும் ஒவ்வொரு முள்ளுக்குள்ளும் விதை இருக்கிறது.

இனி கோரை. இதை நிதானமாகச் சொல்கிறேன், புதியவர்கள் மனம் உடைவது இங்கேதான்.

புல் வெட்டிய இரண்டாம் நாள் மற்ற புல்லைவிட உயர்ந்து, பளபளப்பாக நிற்பது கோரை. தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும். ஒன்றைச் சும்மா இழுத்தால் சுலபமாகக் கையோடு வரும், வேலை முடிந்தது போலிருக்கும். இப்போது சிறு கரணையால் பக்கத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டிப் பாருங்கள். கறுப்பாக, நிலக்கடலைப் பருப்பு அளவில் ஒரு கிழங்கு. அதிலிருந்து கம்பி போல ஒரு வேர்த்தண்டு, அடுத்த கிழங்கு, மறுபடி கம்பி, மறுபடி கிழங்கு. மாலை போலக் கோத்திருக்கும். மேலே இருப்பதைப் பறித்தால் உறங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் விழித்துக்கொள்கின்றன. ஒரு முளை போன இடத்தில் மூன்று வருவது அதனால்தான்.

ஆனால் கிழங்கில் இருக்கும் சேமிப்புக்கும் அளவு உண்டு. ஒவ்வொரு முளையும் அந்தச் சேமிப்பைச் செலவழித்துத்தான் வெளியே வருகிறது, முதல் சில முளைகளிலேயே பாதிக்கு மேல் கரைந்துவிடும். முளை வந்து நான்கு முதல் ஆறு வாரத்தில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். ஆகவே ஐந்தாறு இலை வருவதற்குள், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, தவறாமல் எடுத்தால் கிழங்கு செலவழிக்குமே தவிர சேர்க்க முடியாது. ஒரு தடவை தவறவிட்டால் அது மறுபடி சேர்த்துக்கொள்ளும். நாட்காட்டியில் தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவம் முழுக்க விடாமல் செய்ய வேண்டியிருக்கும்.

சிறு திட்டாக மட்டும் இருந்தால் 25 முதல் 35 செ.மீ. ஆழம் தோண்டி, மண்ணைச் சலித்துக் கிழங்குகளைப் பொறுக்கிவிடலாம். பொறுக்கியதைச் சிமெண்ட் தரையில் வெயிலில் சுக்காகக் காயப் போடுங்கள், முழுதும் காய்ந்தால் கிழங்கு சாகும். மட்கு உரக் குழியில் போடவே போடாதீர்கள். கோரைக்கு நிழல் ஆகாது. உங்கள் புல் அடர்ந்து உயர்ந்து நின்றால் மீதி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

வினிகர், உப்பு, சோளம்

வீட்டு வினிகர் இளம் நாற்றின் இலையைக் கருக்கும், வேரை ஒன்றும் செய்யாது. புல்லையும் சேர்த்தே கருக்கும் என்பதால் நடைபாதைக் கல் இடுக்கில் மட்டும் தெளியுங்கள். அங்கே கொதிநீரும் அதே வேலையைச் செய்யும். 20 சதவீத வினிகர் கண்ணையும் தோலையும் பொசுக்கிவிடும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது. உப்புக் கரைசல் ஊற்றச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த இடத்தில் நீங்கள் விரும்பும் புல்லும் வெகுநாள் வராது.

சோளப் பசைத் தூள் பற்றியும் கேட்பார்கள். மக்காச்சோள மாவுச்சத்து எடுத்த பின் மிஞ்சும் புரதம் அது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நிக் கிறிஸ்டியன்ஸ் என்ற பேராசிரியர் இது முளைக்கும் விதையின் வேரைத் தடுப்பதைக் கண்டு 1991இல் காப்புரிமை பெற்றார். சதுர மீட்டருக்கு 100 கிராம் அளவு. முளைத்துவிட்ட களையை இது தொடாது. பத்து சதவீதம் தழைச்சத்து இருப்பதால் அதற்கு உரமாகவும் ஆகிவிடும். களை ஆண்டு முழுக்க முளைக்கும் வெப்பப் பகுதியில் எப்போது தூவுவது என்பதே சிக்கல். என் கணக்கில் அதே செலவை மட்கு உரத்துக்குச் செய்வது மேல்.

புழு என்று சந்தேகம் வந்தால்

காய்ந்த திட்டைப் பிடித்து இழுக்கும்போது பாய் மாதிரி சுருண்டு வந்தால் வேரை வெண்புழு தின்றிருக்கிறது. இலை கடிபட்டிருந்தால், நான்கு லிட்டர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திர சோப்புக் கரைசலைக் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றுங்கள். இலை தின்னும் புழுக்கள் இருந்தால் சில நிமிடத்தில் மேலே வரும். எதுவும் வராவிட்டால் மருந்தும் வேண்டாம், நீர் அளவைப் பாருங்கள்.

களை எடுத்த குழியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்

எடுத்த அன்றே, அந்தக் கையளவு பள்ளத்தில் மட்கு உரம் போட்டு, நடைபாதை ஓரத்தில் வெட்டியெறியும் கொடியிலிருந்து நாலு கணு உள்ள துண்டு ஒன்றை எடுத்து, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, காலால் மிதித்து, ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். வளரும் பருவத்தில் அருகம்புல் என்றால் ஒரு மாதத்துக்குள் அந்த இடம் மூடிவிடும், ஜோய்சியா என்றால் பருவம் முழுக்க ஆகலாம். ஒரு மீட்டர் கயிற்றால் சதுரம் போட்டு, ஐந்து இடங்களில் களைகளை எண்ணி மாதம் ஒரு முறை எழுதி வையுங்கள். எந்த இடத்தில் எண்ணிக்கை இறங்கவில்லையோ, அங்கே மறுபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய்க் குந்துங்கள்.